படத்தில் இல்லாத படகு

பிப்ரவரி 9

ஒரு வாசகரின் கேள்வி: “படத்தில் இல்லாத காட்சியைப் போஸ்டரில் வரைந்து கூட்டம் சேர்ப்பது ஏமாற்று வேலைதானே? அதை எப்படிக் கலை என்று கொண்டாடுகிறீர்கள்?”

பிப்ரவரி 9, இரவு

ஏமாற்று வேலைதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஏமாந்தவன் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு படத்தின் போஸ்டரில் வெள்ளம் புரண்டோடும் ஆறு. நடு ஆற்றில் ஒரு சின்னப் படகு. அதில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் அரிக்கேன் விளக்கு. அதை உயர்த்திப் பிடிக்காமல் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள். தோளில் கிடக்கும் போர்வையை மறு கையால் சிறகுபோல விரித்திருக்கிறாள். வெளிச்சம் கீழிருந்து எழுந்து மோவாயில் மஞ்சளாகப் படிந்து, நெற்றிக்குப் போவதற்குள் இருட்டில் கரைந்துவிடும். முகம் கதாநாயகியின் முகமாக இல்லை. ஓவியருக்குச் சாயல் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்காமல் போனதில்லை.

படம் பார்க்கக் கிடைத்த அன்று, பெயர்கள் ஓடத் தொடங்கியதிலிருந்தே படகுக்காகக் காத்திருந்தேன். இடைவேளை வந்தது, படகு வரவில்லை. சரி, உச்சக்கட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். படம் முழுவதும் ஒரு வீட்டுக்குள்ளும் ஒரு நீதிமன்றத்துக்குள்ளும் நடந்து முடிந்தது. படகு மட்டுமல்ல, ஆறே வரவில்லை. விளக்குகள் போட்ட பிறகும் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு துண்டுப் படம் பாக்கி இருக்கும் என்று நம்பினேன்.

அந்தப் படத்தின் பெயர் இங்கே வேண்டாம். வரைந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவர்மேல் இத்தனை வருடம் கோபம் வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

பிப்ரவரி 10

என் சொந்தக் கதை சாட்சியாகாது என்றால் ஊரறிந்த உதாரணம் ஒன்று. 1958-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் உமன்’. போஸ்டரில் ஐம்பதடிப் பெண் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கிறாள். ஒரு காரைப் பொம்மைபோலக் கையில் தூக்கியிருக்கிறாள். கீழே மனிதர்கள் சிதறி ஓடுகிறார்கள். வரைந்தவர் ரெனால்ட் பிரவுன். இன்றும் அச்சாகி விற்கும் படம் இது.

அந்த நெடுஞ்சாலைக் காட்சி படத்தில் கிடையாது. மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். ராட்சதக் கை என்று காட்டுவது பொம்மைக் கை. பெண் பெரிதாகி நடந்து வரும் இடங்களில் அவள் உடம்பு வழியாகப் பின்னால் இருக்கும் காட்சி தெரிகிறது. போஸ்டரில் இருக்கும் வலுவில் கால் பங்குகூடப் படத்தில் எங்கும் இல்லை. வேறு என்ன பெயர் சொல்வது இதற்கு?

பிப்ரவரி 10, பின்னிரவு

சுறாவைப் பற்றிய ‘ஜாஸ்’ படத்தின் போஸ்டரும் அப்படித்தானே, அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். விடவில்லை. அது ஏன் எனக்கு ஏமாற்றாகப் படவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

இரண்டு நாள் யோசித்தேன். படத்தையும் மறுபடி பார்த்தேன்.

‘ஜாஸ்’ போஸ்டரில் இருக்கும் ஓவியம் முதலில் படத்துக்காக வரையப்பட்டதே அல்ல. நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்காக ரோஜர் காஸ்டல் வரைந்தது. 1975-இல் படம் வந்தபோது அதையே எடுத்துக்கொண்டார்கள். மேலே ஒரு பெண் நீந்துகிறாள். கீழே, அவளை ஒரு வாயில் விழுங்கிவிடக்கூடிய சுறா செங்குத்தாக ஏறி வருகிறது. எந்த வெள்ளைச் சுறாவும் அத்தனை பெரிதில்லை. படத்தில் வரும் சுறாவும் அத்தனை பெரிதில்லை. அளவை வைத்துப் பார்த்தால் இது பிரவுன் வரைந்த பெண்ணைவிடக் கூசாத பொய்.

ஆனால் படத்தில் என்ன நடக்கிறது? படப்பிடிப்புக்குச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதானது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமல் எடுக்க வேண்டியதாயிற்று. நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் கேமரா, நீரில் இழுபட்டு ஓடும் மஞ்சள் பீப்பாய்கள், அந்த இசை. சுறாவை நாம் ஒழுங்காகப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது.

அதுவரை நாம் எந்தச் சுறாவைக் கண்டு பயந்தோம்? போஸ்டரில் இருந்த சுறாவைக் கண்டுதான். வாசலில் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவனுக்கு, அமைதியான கடலைக் காட்டினால் போதும். அடியில் வைக்க வேண்டியதை அவனே வைத்துக்கொள்கிறான். படத்துக்கு இல்லாமல் போன சுறாவைப் போஸ்டர் கடன் கொடுத்தது.

ஆகவே 9-ஆம் தேதி நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். படத்தில் இல்லாததைக் காட்டுவது ஒன்று. படம் காட்டாததைக் காட்டுவது வேறொன்று. முதலாவது ஏமாற்று. இரண்டாவது படத்துக்குச் செய்யும் உதவி.

படகு முதல் வகை. அதில் மாற்றம் இல்லை.

பிப்ரவரி 13

இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு நேற்று இரவு மனதில் இருந்த போஸ்டர்களையெல்லாம் பிரித்துப் பார்த்தேன்.

‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968): பச்சை நிறத்தில் ஒரு முகம் மல்லாந்து கிடக்கிறது. அதன்மேல் பாறை விளிம்பில் கறுப்பாக ஒரு குழந்தை வண்டி. படத்தில் குழந்தையைக் காட்டுவதே இல்லை. போஸ்டரும் காட்டவில்லை, வண்டியோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டாம் வகை, அதிலும் அடக்கமானது.

‘ஏலியன்’ (1979): கும்மிருட்டு. ஒரு முட்டை. அடியில் விரிசல் விட்டு வெளிச்சம் கசிகிறது. படத்தில் வரும் முட்டை இப்படி இருக்காது. அது தோல்போன்றது, உச்சியில் இதழ் இதழாக விரியும். போஸ்டரில் இருப்பதோ ஓடு உள்ள முட்டை. அப்படியானால் படத்தில் இல்லாதது. முதல் வகை. ஏமாற்று.

இதைப் பார்த்து யாராவது ஏமாந்தேன் என்று சொல்வார்களா? நான் சொல்லமாட்டேன். என் பிரிவினையில் ஏதோ ஓட்டை இருக்கிறது.

எது எப்படியோ, இதெல்லாம் கையால் வரைந்த காலத்தோடு முடிந்தது. புகைப்படம் வந்தது, போஸ்டர் செத்தது.

பிப்ரவரி 14

முந்தைய குறிப்பின் கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். அது தவறு. ‘ஏலியன்’ போஸ்டரே ஓவியமாக இல்லாதபோது, அதைப் பற்றி எழுதிய கையோடு அந்த வரியை எப்படி எழுதினேன்?

பிப்ரவரி 17

புகைப்படத்தைப் பழி சொன்னதற்குப் பரிகாரமாக இந்த நீண்ட குறிப்பு.

‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) போஸ்டர் முழுக்கப் புகைப்பட வேலை. வெளிறிய பெண் முகம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விட்டில் பூச்சி. பூச்சியின் முதுகில் மண்டையோட்டுக் குறி. உற்றுப் பார்த்தால் அந்த மண்டையோடு நிர்வாணப் பெண் உடல்களால் ஆனது. ஓவியர் சால்வடோர் தாலியும் புகைப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மனும் 1951-இல் உருவாக்கிய படத்திலிருந்து வந்தது அது. பல வருடம் அந்தப் போஸ்டரைப் பார்த்தும் எனக்கு இது தெரியாது. ஒரு நாள் பெரிய அளவில் பார்த்தபோது கண்ணில் பட்டு, பிடரி சில்லிட்டது. இத்தனை செய்ய முடிகிற புகைப்படத்தை எப்படிக் குற்றவாளி என்பது?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1920-களில் மாஸ்கோவில் ஸ்டென்பர்க் சகோதரர்கள் இருவர் சேர்ந்து போஸ்டர் போட்டார்கள். புகைப்படத்தைப் பெரிய அளவில் நல்ல வண்ணத்தில் அச்சிட அன்று வழியில்லை. படத்தின் சட்டகத்தைக் காகிதத்தின்மேல் பெரிதாக்கியும் சாய்த்தும் விழச்செய்யும் கருவி ஒன்றைத் தாங்களே கட்டிக்கொண்டு, புகைப்படம் போலவே கையால் வரைந்தார்கள். ‘மேன் வித் எ மூவி கேமரா’ (1929) போஸ்டரில் வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு பெண் பின்னோக்கி விழுகிறாள். கையால் வரைந்ததுதான். ஆனால் அவர்கள் மனம் முழுக்கக் கேமராவில் இருந்தது. கையா, கேமராவா என்ற சண்டை நூறு வருடம் முன்பே அர்த்தமில்லாமல் போயிருக்கிறது.

பிறகு யார்தான் போஸ்டரைக் கெடுத்தார்கள்? என் பதில்: ஒப்பந்தம். ஹாலிவுட் போஸ்டர்களின் அடியில் எறும்பு வரிசைபோல நெருக்கிய, உயரமான, ஒல்லி எழுத்துக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய பெயர் தலைப்பு எழுத்தின் அளவில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். கணக்கு உயரத்துக்குத்தான். ஆகவே உயரத்தைக் கொடுத்துவிட்டு அகலத்தைப் பிழிந்துவிடுகிறார்கள். 1974-இல் ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ வந்தபோது ஸ்டீவ் மக்வீன், பால் நியூமன் இருவரில் யார் பெயர் முதலில் என்ற சிக்கல். மக்வீன் பெயரை இடப்பக்கம் தாழ்த்தியும், நியூமன் பெயரை வலப்பக்கம் உயர்த்தியும் போட்டார்கள். இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து படித்தால் அவர் முதல்.

முகத்துக்கும் இதே வரிசைச் சண்டை உண்டு. ஒரு போஸ்டரில் பதினைந்து தலைகள் மிதந்தால் அதை ஓவியர் தீர்மானிக்கவில்லை. பதினைந்து தரப்பினர் தங்கள் ஆள் இருக்கிறாரா என்று பார்த்திருக்கிறார்கள். நல்ல போஸ்டருக்கு முதல் வேலை எதை விடுவது என்று முடிவு செய்வது. விடுவதற்கு அனுமதி இல்லாத இடத்தில் தூரிகையும் தோற்கும், கேமராவும் தோற்கும்.

பிப்ரவரி 18

பழைய போஸ்டர்களில் மடிப்புக் கோடுகள் ஏன் என்று கேட்டவருக்கு. 1980-கள் வரை அமெரிக்கப் போஸ்டர்களைப் பெரும்பாலும் மடித்துத்தான் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம். நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் மூன்று. எட்டுக் கட்டம். பழைய போஸ்டரில் அந்தக் கோடுகள் குறையல்ல, பிறப்பு அடையாளம். கோடே இல்லாத ஐம்பது வருடப் போஸ்டரைக் கண்டால்தான் நான் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பேன்.

வைத்துக்கொள்வதற்காகச் செய்த பொருளே அல்ல இது. “காட்சி முடிந்ததும் உடனே திருப்பி அனுப்பவும்” என்ற பொருளில் அடியில் வாசகமே அச்சிட்டிருக்கும். திருப்பாதவை பசையோடு சுவரில் போயின, ஒன்றின்மேல் ஒன்றாக. பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணில் 1930, 31-ஆம் வருடப் போஸ்டர்கள் இப்படி ஒட்டிய அடுக்காகக் கிடைத்தன. ஆவி காட்டிப் பிரித்தபோது 33 போஸ்டர்கள் வந்தன. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை சுவர்களில் எத்தனை அடுக்குகள் மழையில் ஊறிப் போயிருக்கும்!

என் படகுப் போஸ்டரும் என்னிடம் இருக்கிறது. முப்பது வயதுக்குமேல் தேடிப் பிடித்தேன். குறுக்கு மடிப்பு ஒன்று அந்தப் பெண்ணின் கழுத்தில் விழுந்திருக்கிறது. கோபம் இருக்கும்போது எதற்குத் தேடினாய் என்று கேட்காதீர்கள். தேடினேன்.

மார்ச் 1

போலந்து.

இதை எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஆனால் போலந்துப் போஸ்டர்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடிகர் முகம் இல்லை, கதை இல்லை. கிறுக்கல்போல எழுத்து. தலைப்பை வாசிக்கத் தெரியாததால் எந்தப் படத்துக்கு என்றும் புரியவில்லை. அவை இருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறக்க வைத்தது ஒரே படத்துக்கான இரண்டு போஸ்டர்கள். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்கு 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்தது எல்லோருக்கும் தெரியும்: செம்மஞ்சள் பரப்பு, வெள்ளைச் சுழல், சுழலுக்குள் விழும் ஆண் உருவம், கோட்டுருவமாக ஒரு பெண். அதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதே படத்துக்கு 1963-இல் ரோமன் செஷ்லேவிச் போலந்தில் செய்ததில் இருப்பது ஒரு மண்டையோடு மட்டும். அதன் நெற்றியில் கைரேகைபோல, குறிபார்க்கும் இலக்குபோல, வட்டத்துக்குள் வட்டம். பாஸ் அந்தப் படத்தில் மயக்கத்தைக் கண்டார். செஷ்லேவிச் சாவைக் கண்டார். படத்தைத் திரும்பப் பார்த்தேன். இறந்த ஒருத்தியை இன்னொருத்தியின் உடம்பில் மறுபடி உண்டாக்கப் பார்க்கும் ஒருவனின் கதை அது. மண்டையோடுதான் சரி என்று அன்று தோன்றியது. அடுத்த முறை பார்த்தபோது சுழல்தான் சரி என்று தோன்றியது. இரண்டு பேருமே படத்தில் இருந்த எதையும் வரையவில்லை. இரண்டு பேருமே படத்தைப் படித்திருந்தார்கள்.

போரில் இடிந்து தரைமட்டமான வார்சாவில், கட்டுமான வேலிகளில் ஒட்டப்பட்ட போஸ்டர்களிலிருந்து வளர்ந்த மரபு இது. படங்களை விநியோகித்தது அரசு. விற்றுத் தீர வேண்டிய நெருக்கடி ஓவியர்களுக்கு இல்லை. நடிகர் முகம் போட மாட்டேன் என்று சொன்ன ஹென்றிக் தோமாஷெவ்ஸ்கி, 1948-இல் வியன்னாவில் நடந்த சர்வதேசப் போஸ்டர் கண்காட்சியில் ஐந்து முதல் பரிசுகள் பெற்றார். விக்டர் குர்காவின் ‘காபரே’ போஸ்டர் (1973) இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை: நடுவில் ஒரு முகம். அதைச் சுற்றி நடனப் பெண்களின் கால்கள், கறுப்புக் காலுறையோடு. அந்தக் கால்கள் மடங்கி மடங்கி நாஜிகளின் ஸ்வஸ்திகாவாகின்றன. மேடைக் களிப்பும் வாசலில் வந்து நிற்கும் கொடுமையும் ஒரே கோட்டில். இரண்டு மணி நேரப் படத்தை ஒருவர் இவ்வளவுக்குச் சுருக்கிவிட்டார் என்றால், அதில் இல்லாத காட்சி, இருக்கிற காட்சி என்று நான் பிரித்துக்கொண்டிருந்தது எனக்கே சின்ன விஷயமாகப் படுகிறது.

மார்ச் 4

விற்பனை நெருக்கடி இல்லாததால்தான் போலந்தில் கலை வந்தது என்று படும்படி எழுதிவிட்டேன். முழு உண்மை அல்ல. விற்றே ஆக வேண்டிய ஹாலிவுட்டில்தானே சால் பாஸ் 1955-இல் ஒரு நட்சத்திரப் படத்தின் போஸ்டருக்கு முறுக்கிய கறுப்புக் கை ஒன்றை நடுவில் வைத்தார்? சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து வந்தவர். தன் படங்களின் போஸ்டர்களைத் தானே வடிவமைத்தார், எழுத்து உட்பட. சந்தைக்கு உள்ளேயும் நடந்திருக்கிறது, வெளியேயும் நடந்திருக்கிறது. ஒரு ஆளை நம்பி ஒரு தாளைக் கொடுத்த இடங்களில் நடந்திருக்கிறது.

மார்ச் 9

“படத்தைப் படித்திருந்தார்கள்” என்று 1-ஆம் தேதி எழுதியதற்கு ஒரு நண்பர் சரியான மறுப்பு அனுப்பியிருக்கிறார்: படத்தையே பார்க்காமல் வரைந்தவர்களை என்ன செய்வீர்கள்?

உண்மைதான். ‘தி திங்’ (1982) போஸ்டரை ட்ரூ ஸ்ட்ரூஸன் ஒரே இரவில் வரைந்தார். படத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் சொன்னதுதான் கையில் இருந்தது. குளிர் அங்கியைத் தானே மாட்டிக்கொண்டு நின்று, மனைவியைப் புகைப்படம் எடுக்கச் சொல்லி, அதை மாதிரியாக வைத்துக்கொண்டார். மறுநாள் வர்ணம் காயும் முன்பே ஓவியத்தை வாங்கிப் போனார்கள். பனியில் ஒரு மனிதன் நிற்கிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஒளி வெடித்துப் பாய்கிறது. யார் மனிதன், யார் மனிதன் இல்லை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத படம் அது. முகமே இல்லாத மனிதனைப் படம் பார்க்காதவர் வரைந்திருக்கிறார்.

கானா நாட்டுப் போஸ்டர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1980-களில் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ கருவி, ஜெனரேட்டர் மூன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். மாவு மூட்டைச் சாக்குகளைப் பிரித்து இணைத்துத் தைத்து, அதன்மேல் எண்ணெய் வர்ணத்தில் போஸ்டர் வரைந்தார்கள். சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். ஓவியர்களில் பலர் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. படத்தில் இல்லாத பாம்புகள், இல்லாத தலைகள், இல்லாத ரத்தம். என் பழைய அளவுகோலால் அளந்தால் உலகத்தின் மிகப் பெரிய ஏமாற்று இதுதான். ஆனால் அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கதையைக் காதால் கேட்டவன் கண்ணில் என்ன தோன்றுமோ, அது அந்தச் சாக்கில் இருக்கிறது.

அப்படியானால் படகுமேல் மட்டும் ஏன் கோபம்? பதில் இல்லை.

மார்ச் 22

பத்து நாளாக ஒரு பயிற்சி. பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் அன்றிரவே பென்சிலில் ஒரு போஸ்டர். விதி ஒன்றுதான்: ஒரு உருவத்துக்குமேல் கூடாது.

முதல் மூன்று நாளும் நான் வரைந்தவை கதைச் சுருக்கங்கள். இவன், இவள், நடுவில் துப்பாக்கி. நான்காம் நாள் பார்த்தது ஒரு குடும்பப் படம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். எதை வரைவது என்று தெரியாமல் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு சாப்பாட்டு மேசையை வரைந்து, அதன் ஒரு முனையில் இருந்த நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். அப்படி ஒரு நாற்காலி படத்தில் இல்லை. கை தானாகத் திருப்பியது. இன்று காலையில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தபோது, பத்துத் தாள்களில் இது ஒன்றுதான் அந்தப் படத்தைப் போல இருந்தது.

ஆக நானும் படத்தில் இல்லாததை வரைந்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு. படத்தில் அது இரண்டு மணி நேரமாக, பேசாத உணவு வேளைகளாக, மூடும் கதவுகளாகப் பரவிக் கிடக்கிறது. தாளிலோ ஓடும் நேரம் கிடையாது. பரவிக் கிடந்ததை ஒரு இடத்துக்குக் கொண்டுவர ஏதோ ஒரு பொருளை உண்டாக்கியே தீரவேண்டியிருக்கிறது.

மார்ச் 23

ஒரு சின்னச் சேர்க்கை. லூமியேர் சகோதரர்கள் 1895-இல் எடுத்த படங்களில் ஒன்று, தோட்டக்காரர் முகத்தில் நீர் பீய்ச்சும் குறும்புக் காட்சி. அதற்கு மார்செலான் ஓசோல் வரைந்ததைத்தான் ஒரு குறிப்பிட்ட படத்துக்கான முதல் போஸ்டர் என்கிறார்கள். அதில் திரை பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது சிரித்துக் குலுங்கும் பார்வையாளர்கள். படத்தில் இல்லாதவர்கள்! முதல் போஸ்டரே நம்மைத்தான் வரைந்திருக்கிறது.

சுவரொட்டி என்ற சொல்லை நினைத்துக்கொள்கிறேன். சுவரில் ஒட்டியிருந்ததால் ஒரே படத்தை எல்லோரும் பார்த்தார்கள். இணையவழிச் சேவைகளில் ஒரே படத்துக்கு உங்களுக்கு ஒரு சின்னப் படமும் எனக்கு வேறொரு சின்னப் படமும் காட்ட முடிகிறது. நீங்கள் காதல் கதை விரும்பினால் முத்தம், நான் சண்டை விரும்பினால் கத்தி. நகம் அளவு. எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதையே நீட்டும் படம் என்னை எங்கே நிறுத்தும்? பத்து வயதுப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்திருந்தால் அந்தச் சுவரில் படகு இருந்திருக்காது.

ஏப்ரல் 27

ஒரு மாதம் எழுதவில்லை. காரணம், அந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல பிரதி ஒன்று கிடைத்தது. நேற்று இரவு, பத்து வயதுக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தேன்.

வீடு. நீதிமன்றம். ஆறு இல்லை, படகு இல்லை. நினைவு தவறவில்லை.

ஆனால் நீதிமன்றக் காட்சியில் ஒரு கிழவி கூண்டில் ஏறுகிறாள். கதாநாயகனின் பாட்டி. சின்ன வயதில் எனக்கு அவள் ஒரு பொருட்டே அல்ல. படகு வரும் வரும் என்று திரையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், அவள் பேச்சு காதில் விழுந்திருக்காது. இப்போது கேட்டேன். கேமரா அவள் முகத்தைவிட்டு நகரவே இல்லை. இளம் வயதில் கைக்குழந்தையை இக்கரையில் விட்டுவிட்டு, வெள்ள நேரத்தில் தனியாக ஆற்றைக் கடந்து மருந்து வாங்கப் போன கதையைச் சொல்கிறாள். நான்கைந்து வாக்கியம்தான். நடு ஆற்றில் காற்றுக்கு விளக்கு அணைந்துபோனது என்கிறாள். அதன் பிறகு இருட்டில் துடுப்புப் போட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போஸ்டரை எடுத்து விரித்தேன். சாயல் பிடிபடவில்லை என்று நான் குறை சொன்ன முகம் கதாநாயகியின் முகமே அல்ல. கிழவியாக நடித்தவரின் மோவாய் அது, அதே அகலம், அதே பிடிவாதம், ஐம்பது வயது குறைந்து. மடிப்புக் கோட்டை விரலால் நீவிவிட்டு மறுபடி மறுபடி பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு வரைந்தாரா, கதை கேட்டு வரைந்தாரா, எனக்குத் தெரியாது. கிழவி சொன்ன நான்கைந்து வாக்கியங்களை அவர் கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. அவள் விளக்கு அணைந்தது என்கிறாள். போஸ்டரில் விளக்கு எரிகிறது. இதையாவது ஓவியர் மாற்றியிருக்கிறார், எரியாவிட்டால் முகம் தெரியாதே என்று மாற்றியிருக்கிறார் என நினைத்துக்கொண்டு படுத்தேன்.

ஏப்ரல் 28, விடியற்காலை

தூக்கம் பிடிக்கவில்லை. மறுபடி எழுந்து பார்த்தேன். விளக்கை ஏன் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள்? போர்வையை எதற்கு விரித்திருக்கிறாள்? அழகுக்காக என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போர்வை விளக்கின் வலப்பக்கத்தில்தான் விரிந்திருக்கிறது. அவள் தலைமுடி இடப்பக்கமாகப் பறக்கிறது. காற்று வலமிருந்து வருகிறது. அவள் விளக்கைக் காற்றுக்கு மறைக்கிறாள். போஸ்டரில் விளக்கு இன்னும் அணையவில்லை.